பழைய கார்டன் டிராக்டர்: தேடி வாங்குவது முதல் நிலத்தில் இறக்குவது வரை

பழைய கார்டன் டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் பின்னச்சு, அதாவது பின்சக்கர அச்சும் கியர்பெட்டியும் சேர்ந்த பகுதி. எஞ்சின் ஓடாவிட்டால் வேறு எஞ்சின் வைக்கலாம். தகரம் துருப்பிடித்திருந்தால் தேய்த்து வண்ணம் பூசலாம். இருக்கைக்குக் கீழே இருக்கும் வார்ப்பிரும்புக் கியர்பெட்டி உடைந்திருந்தால், அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு நல்ல வண்டியே வாங்கிவிடலாம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வடக்கு எல்லைக்கு அருகே, நான்கு ஏக்கர் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வண்டிகளை வைத்துத்தான் உழுகிறேன், பார் (செடி வரிசை மேடு) அணைக்கிறேன், புல் வெட்டுகிறேன், பனி தள்ளுகிறேன். இந்த நாட்டில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று வாங்கி, கத்தரியும் வெண்டையும் பீர்க்கும் போட நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, புது டிராக்டர் வாங்காமல் சமாளிக்க முடியுமா என்பதுதான். முடியும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கார்டன் டிராக்டர் என்றால் எது?

கடைகளில் இன்று வரிசையாக நிற்பவை பெரும்பாலும் லான் டிராக்டர்கள். அவை புல் வெட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. மெல்லிய தகட்டுச் சட்டம், சிறிய பின்சக்கரம், எடை குறைந்த அலுமினியக் கியர்பெட்டி. அதில் கலப்பையைப் பூட்டினால் ஒரே பருவத்தில் கியர்பெட்டி தேய்ந்துவிடும். 1960, 70களில் வந்த உண்மையான கார்டன் டிராக்டர் வேறு இனம். பெரிய பண்ணை டிராக்டரைச் சுருக்கியதுபோல் கனத்த சட்டம், வார்ப்பிரும்புப் பின்னச்சு, 12 அங்குல ரிம் கொண்ட பின்சக்கரம், கருவி தூக்கும் நெம்புகோல் எல்லாம் இருக்கும். பின்சக்கர ரிம்மை அளந்து பாருங்கள். 8 அங்குலம் என்றால் பெரும்பாலும் லான் டிராக்டர். உழவுக்கு அதைத் தேட வேண்டாம்.

எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி?

நல்ல வண்டிகள் பல உண்டு. உதிரிபாகம் எளிதாகக் கிடைப்பதையும் வேலையில் நின்று காட்டியதையும் வைத்து மூன்றைச் சொல்வேன்.

வீல் ஹார்ஸ், என் வீட்டுக்கு அருகிலுள்ள சவுத் பெண்ட் நகரில் 1946-இல் எல்மர் பாண்ட் தொடங்கிய தொழில். பல ஜோடிக் குதிரைகள் பூட்டிய வண்டியில், சக்கரத்துக்கு மிக அருகே நின்று பாரம் தாங்கும் குதிரைக்கு அந்தப் பெயர். 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1986-இல் டோரோ என்று கைமாறியது. 1970களின் சி-120, சி-160 போன்றவற்றில் இருக்கும் எட்டுக் கியர் பின்னச்சு (முன்னே ஆறு, பின்னே இரண்டு) நான் பார்த்தவற்றிலேயே எளிமையானது, உறுதியானது. எஞ்சினிலிருந்து அதற்குப் போவது ஒரே ஒரு பெல்ட். அந்தப் பெல்ட்டை இறுக்குவதும் தளர்த்துவதும்தான் கிளட்ச்.

கப் கேடட், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961 மாடலாகக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 7 குதிரைத்திறன். 1963-இல் வந்த மாடல்களிலிருந்து பெல்ட் போய், தண்டு வழியாக நேரடி இழுவை வந்தது. இழுவிசையில் இதை மிஞ்சுவது கடினம். கிளட்ச் தட்டு தேய்ந்தால் மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். 1981-க்குப் பிறகு உரிமை வேறு நிறுவனத்துக்குப் போனது. உழவுக்கு அதற்கு முந்தையதைத் தேடுங்கள்.

ஜான் டியர் 1963-இல் 110 மாடலை விஸ்கான்சின் மாநில ஹாரிகன் ஆலையிலிருந்து வெளியிட்டது. 1983 முதல் 1992 வரை வந்த 318, பவர் ஸ்டீயரிங்கும் ஹைட்ராலிக் தூக்கும் கொண்ட அருமையான வண்டி. ஆனால் அதன் இரட்டை சிலிண்டர் ஓனன் எஞ்சினுக்குப் பாகங்கள் விலை அதிகம். முதல் வண்டியாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தபின் அதிலேயே நில்லுங்கள். மூன்று நிறுவனங்களின் மூன்று வண்டிகளைவிட, ஒரே குடும்பத்தின் இரண்டு வண்டிகள் பலமடங்கு பயன் தரும். ஒன்று ஓடும், மற்றொன்று பாகம் கொடுக்கும். கலப்பையும் புல்வெட்டுக் கருவியும் இரண்டுக்கும் பொருந்தும். கருவிகளோடு சேர்த்து விற்பவரிடம் வாங்குவதே சிறந்தது. வண்டியைத் தனியாகவும் கலப்பையைத் தனியாகவும் தேடினால், கலப்பை வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.

நேரில் பார்க்கும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே, நான் வரும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். கையுறை, டார்ச், ஒரு கம்பி, பழைய துணி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

பின்னச்சு எண்ணெயைப் பாருங்கள். கம்பியை நுழைத்து எடுத்தால் கறுப்பாக, தேன்போல ஒட்ட வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வீல் ஹார்ஸில் கியர்க் கம்பியின் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் நேராக உள்ளே இறங்குவது வழக்கமான குறை. நிறம் மாறியிருப்பதாலேயே வேண்டாம் என்று திரும்ப வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்திருந்தால் பெட்டி வெடித்திருக்கும். அடிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கில் தூக்கி, கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். சக்கரத்தின் மையம் அச்சின்மேல் ஆடினால், இரண்டையும் பிணைக்கும் சாவி என்ற உலோகத் துண்டு தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தோடு ஓட்டிய வண்டியில் அச்சே தின்னப்பட்டிருக்கும். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். ஹைட்ரோ வகை (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது) என்றால், அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கியபின் சரிவில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குளிரில் எல்லா ஹைட்ரோவும் நன்றாகத்தான் இழுக்கும்.

எஞ்சின் பெரும்பாலும் கோலர் நிறுவனத்தின் கே வரிசையாக இருக்கும்: ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு உடல், காற்றால் குளிர்வது. 12 குதிரைத்திறனுக்குக் கே301, 14-க்குக் கே321, 16-க்குக் கே341. எண்ணெய்க் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால், கார்புரேட்டர் மிதவையோ பெட்ரோல் பம்பின் சவ்வோ பழுது. அந்த நீர்த்த எண்ணெயோடு ஓடிய எஞ்சினில் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பிஸ்டன் மேல்முனையில் இருக்கும்படி வைத்து ஃப்ளைவீலை இருபுறமும் சிறிது ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே இடித்தால் கனெக்டிங் ராட் தளர்ந்திருக்கிறது.

ஸ்பார்க் பிளக் துளையில் அழுத்தமானியைச் செருகிப் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. இந்த எஞ்சின்களில், எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக, மெதுவாகச் சுழலும்போது புகைவால்வைச் சற்றுத் திறந்தே வைக்கும் அமைப்பு இருக்கிறது. அதனால் மானி குறைவாகத்தான் காட்டும். பிளக்கைப் போட்ட நிலையில் ஃப்ளைவீலைக் கையால் எதிர்த்திசையில் சுழற்றிப் பாருங்கள். நல்ல எஞ்சின் முரண்டு பிடித்துத் திருப்பித் தள்ளும்.

முதல் வாரம்: ஓட்டுவதற்கு முன்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஸ்டார்ட் செய்யத் துடிக்கும் கையை அடக்குங்கள். முதல் வேலை எஞ்சினைச் சுற்றியுள்ள தகர உறையைக் கழற்றுவது. உள்ளே எலிக்கூடு இருக்கும். கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நின்ற ஒவ்வொரு வண்டியிலும் நான் அதைப் பார்த்திருக்கிறேன். காற்றுப் போகும் துடுப்புகளுக்கிடையே அடைத்த வைக்கோலோடு ஒரு மணி நேரம் ஓட்டினால், அறுபது ஆண்டு தாக்குப்பிடித்த எஞ்சின் அன்றோடு வெந்துவிடும். துடுப்புகளை மரக்குச்சியாலும் கம்பித் தூரிகையாலும் சுத்தம் செய்யுங்கள். உறையில் உள்ள தகட்டின் மாடல் எண்ணையும் ஸ்பெக் எண்ணையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பாகம் வாங்க இவைதான் தேவை; பானட்டில் ஒட்டியிருக்கும் பெயர் உதவாது.

அடுத்து எண்ணெய். பழையதை வடித்து, கோடைக்கு எஸ்ஏஇ 30 ஊற்றுங்கள். ஏறத்தாழ 2 குவார்ட் பிடிக்கும். இந்த எஞ்சினில் எண்ணெய் பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள ஒரு சிறு கரண்டி எண்ணெயை வாரி இறைக்கிறது. அந்தத் தெறிப்பில்தான் எல்லாம் ஓடுகிறது. ஆகவே அளவு குறைந்தாலோ வண்டி அதிகம் சாய்ந்தாலோ கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. என் முதல் வண்டியை ஏரிக்கரைச் சரிவில், எண்ணெய் பார்க்காமல், பக்கவாட்டாக ஓட்டிப் புல் வெட்டினேன். ராட் முறிந்து சிலிண்டர் உடலில் துளை போட்டது. அன்று முதல் ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் கம்பியை எடுத்துப் பார்க்கிறேன். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிறேன்.

தீப்பொறி இல்லையென்றால் பெரும்பாலும் பாயிண்ட்தான் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் முனைகள்) காரணம். எஞ்சின் பக்கவாட்டில் சிறு மூடிக்குள் இருக்கிறது. முனைகளை மெல்லத் தேய்த்து, சுத்தமான காகிதத்தை இடையில் இழுத்துத் துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வையுங்கள். இது தொடக்க அளவு. துல்லியம் வேண்டுமென்றால் உறையின் துளை வழியே ஃப்ளைவீலில் உள்ள 'எஸ்' குறி தெரியும் அந்தக் கணத்தில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மின்னோட்டம் பார்க்கும் சிறு விளக்கை இணைத்தால் கண்ணுக்கே தெரியும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் முரண்டு பிடிக்கும் எஞ்சின்களில் பாதி அடங்கிவிடும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.035 அங்குலம்.

பெட்ரோல் தொட்டியைக் கழற்றிக் கழுவி, குழாய்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள். இங்கே விற்கும் பெரும்பாலான பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பரைக் கரைக்கும். கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு திருகும் எத்தனை சுற்றில் அடைகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாடல்களில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளையாக, பெல்ட்டில் ஓடும். நெடுநாள் கிடந்ததை மீண்டும் இணைத்தால், ரெகுலேட்டரின் பேட்டரி முனைக்கும் ஜெனரேட்டர் முனைக்கும் இடையே ஒரு கம்பியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுத்து முனைப்பைச் சீராக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி ஏறாது.

பின்னச்சு எண்ணெயை வடித்தபின், சிறிது டீசல் ஊற்றி, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்றி, மறுபடி வடியுங்கள். தண்ணீரும் சேறும் வந்துவிடும். பிறகு 80டபிள்யூ-90 கியர் எண்ணெய். கிழிந்த உறையை அன்றே மாற்றுங்கள்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

எடையும் பிடிப்பும்தான் இந்த வண்டிகளுக்குக் குறை, திறன் குறைவதில்லை. 12 குதிரைத்திறன் எஞ்சின் 10 அங்குலக் கலப்பையைத் தாராளமாக இழுக்கும், சக்கரம் வழுக்காமல் இருந்தால். ஆகவே முதல் பணம் டயருக்குப் போகட்டும். புல்தரை டயரைக் கழற்றிவிட்டு, பண்ணை டிராக்டரில் இருப்பதுபோல் சாய்வு வரிகள் கொண்ட 23×8.50-12 டயரைப் போடுங்கள். பின்சக்கரத்துக்குள் திரவம் நிரப்புங்கள். வால்வை உச்சியில் வைத்து, அந்த மட்டம்வரை நிரப்பினால் முக்கால் பங்கு. தண்ணீர் இங்கே குளிரில் உறைந்துவிடும். கார் கண்ணாடி கழுவும் திரவம் மலிவு. கால்சியம் குளோரைடு கலவை எடை கூடுதல், ஆனால் ரிம்மைத் துருவாக்கித் தின்னும். அதனால் நான் ஊற்றுவதில்லை. இதற்கு மேல் பக்கத்துக்கு 50 பவுண்டு வார்ப்பிரும்பு எடை. ஸ்டீயரிங் மண்ணில் வழுக்கினால் முன்னே மூன்று வரி டயர் போடுங்கள். பின்னே கனமான கருவி தூக்குகிறீர்கள் என்றால் முன்னேயும் எடை மாட்டுங்கள்.

முன்சக்கரங்கள் திரும்பும் குத்தச்சுகளில் கிரீஸ் ஏற்றும் முலை இல்லாவிட்டால் துளையிட்டுப் பொருத்துவதும், ஸ்டீயரிங் இணைப்பு முனைகளைப் பந்து மூட்டுகளாக மாற்றுவதும் இரண்டு மாலை நேர வேலை. வண்டி புதிதுபோல் கைக்குள் வரும்.

கவர்னரைத் திருகி வேகத்தைக் கூட்டாதீர்கள். நிமிடத்துக்கு 3600 சுழற்சி என்பது உச்சம். உள்ளே இருக்கும் ராட் அலுமினியம். எஞ்சினைத் திறக்க நேர்ந்தால், 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள பல கே எஞ்சின்களுக்குள் அதிர்வு குறைப்பதற்கென்று வைத்த சமநிலைப் பற்சக்கரங்களைக் கவனியுங்கள். அவற்றின் பேரிங் தேய்ந்து உடைந்தால் எஞ்சின் உடலையே உடைக்கும். நான் திறந்த எந்த எஞ்சினிலும் அவற்றைத் திருப்பிப் போட்டதில்லை.

எஞ்சின் மொத்தமாகப் போய்விட்டால், புதிய சீன எஞ்சின் வைக்கலாம். அதன் தண்டு பெரும்பாலும் 1 அங்குலம். பெரிய கோலருக்கு 1⅛. புல்லியின் உள்ளே போடும் வளையம் வாங்க வேண்டும். எஞ்சின் தாங்கும் தகட்டை நட்டு போல்ட்டால் பொருத்துங்கள். சட்டத்தை வெட்டாதீர்கள், வெல்டிங் செய்யாதீர்கள். இந்த வண்டிகளை இனி யாரும் செய்யப்போவதில்லை. நாளை யாரோ ஒருவர் நல்ல கோலர் ஒன்றைக் கண்டெடுத்துப் பழையபடி பொருத்த வழி இருக்க வேண்டும்.

நிலத்தில் இறக்கும் நாள்

மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஈரக் களிமண்ணில் உழுதது கோடை முழுக்கச் செங்கல்லாகக் கிடக்கும். எங்கள் கனத்த மண்ணை நான் இலையுதிர்காலத்திலேயே உழுதுவிடுகிறேன். பனியில் உறைந்து உருகி, வசந்தத்தில் கட்டிகள் தாமே உடைந்திருக்கும்.

புல்லை முதலில் ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கைக் கலப்பையில் வெட்டுச் சக்கரம் இருந்தால், அது கொழு முனைக்கு அரை அங்குலம் இடப்புறமாக, உழாத மண்ணை நோக்கி இருக்கட்டும். எதிரே தெரியும் கம்பத்தைக் குறிவைத்து முதல் சால் (கலப்பை கீறும் பள்ளம்) ஓட்டுங்கள், மூன்று அல்லது நான்கு அங்குல ஆழத்தில். இது வளைந்தால் கடைசிச் சால்வரை வளையும்.

இரண்டாம் சாலிலிருந்து வலப்புறச் சக்கரங்கள் இரண்டும் முந்தைய சாலுக்குள் இறங்கி ஓட வேண்டும். வண்டி வலப்பக்கம் சாயும். இப்போது இறங்கி, கலப்பை மண்ணுக்கு நிமிர்ந்து நிற்கும்படி அதன் சாய்வைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான்: கலப்பையைச் சாய்வாகவே ஓட்டிவிட்டு, டிராக்டருக்கு வலுவில்லை என்று சொல்கிறார்கள். ஆழம் ஆறு அங்குலம் போதும். தூக்கும் சங்கிலியைத் தளர்வாக விடுங்கள். கொழு தானே மண்ணைத் தேடிப் போக வேண்டும், நெம்புகோல் அதை அழுத்தக்கூடாது. தாழ்ந்த கியரில், நடக்கும் வேகத்தில், எஞ்சினை நல்ல சுழற்சியில் வைத்துப் போங்கள். பின் டயரில் காற்று சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு அளவில் இருந்தால் வரி முழுவதும் மண்ணைக் கவ்வும். சக்கரம் சுழலத் தொடங்கிய உடனே கிளட்ச்சை மிதியுங்கள். நின்ற இடத்தில் சுழன்றால் குழிதான் மிஞ்சும்.

மண் சரியாகப் புரளும்போது புல் கண்ணுக்கே தெரியாது. பளபளப்பான கறுப்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். அந்தக் காட்சிக்காகவே நான் ஆண்டுதோறும் அக்டோபரை எதிர்பார்த்திருக்கிறேன்.

வசந்தத்தில் சட்டிப் பலுகை (வட்டத் தட்டுகளால் கட்டி உடைக்கும் கருவி) இருமுறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நாற்றங்கால் மண் வேண்டிய இடத்தில் மட்டும் ரோட்டவேட்டர் போடுகிறேன். எல்லா இடத்திலும் அதையே போட்டால் மண் மாவாகி, முதல் மழையில் இறுகிவிடும். நடுவதற்கு முன்பே டயர்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, அதைவிட அரை அடி கூடுதலாகப் பார் இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டுவிட்டு ஜூன் மாதத்தில் வெண்டையைச் சக்கரத்தால் மிதிப்பதைவிட, இரண்டு வரிசை குறைவாக நடுவது மேல். களையை வண்டியிலேயே எடுத்துவிடலாம். உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பதும் அப்படியே.

உயிரைக் காக்கும் விதிகள் சில. சுமை இழுக்கும் கொக்கி எப்போதும் பின்னச்சுக்குக் கீழே இருக்கட்டும். அச்சுக்கு மேலே கட்டி மரவேர் இழுத்தால், சக்கரம் நின்று வண்டி உங்கள்மேல் பின்னோக்கிக் கவிழும். இவற்றில் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கிடையாது. சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் நிற்கும் சுவிட்ச் பழையவற்றில் இருக்காது. அதை நீங்களே பொருத்துங்கள். ரோட்டவேட்டரில் கொடி சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றியபின் கை வையுங்கள்.

டிசம்பரில் புல்வெட்டு இறங்கி, முன்னே பனித்தகடு ஏறும், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. ஓடாமல் நிற்கப்போகும் வண்டியில் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பிளக் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, பிஸ்டன் அழுத்த நிலையில், வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும்படி வையுங்கள். பேட்டரி வீட்டுக்குள் வரட்டும். கியர்க் கம்பியின் உறைமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, புகைக்குழாய் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். எலி அந்த வழியாகத்தான் முதலில் வரும்.